முதலில் சொல்லட்டும், பிறகு அளக்கட்டும்

வாசகர் கேள்வி

ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட, வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டில் இருக்கிறோம். கணவர் வயல் செய்கிறார். மகன் தரம் 4, மகள் தரம் 2. மகன் சின்னனில் எதைக் கண்டாலும் ஏன், எப்படி என்று கேட்டு உயிரை வாங்குவான். இப்போது கணக்குக் கொப்பியை எடுத்தாலே வயிறு நோகுது என்கிறான். அடுத்த வருடம் புலமைப்பரிசில் என்று ஒரு ரியூசனுக்கு விட்டோம். அங்கே பிழை விட்டால் அடிமட்டத்தால் விரல் மொளியில் அடி விழுகிறது. இன்னொரு ரியூசனும் சேர்க்கச் சொல்கிறார்கள். 2008 இல் இடம்பெயர்ந்தபோது ஒன்பதாம் ஆண்டோடு என் படிப்பு நின்றது. எனக்குக் கணக்கு ஓடாது. விஞ்ஞானம் ஆறாம் தரத்தில்தானே தொடங்குகிறது, அதற்கு முதல் நான் ஏதும் செய்யலாமா? பிள்ளைகளுக்கான விஞ்ஞானப் பெட்டி ஒன்று கொழும்பில் விற்கிறார்களாம். கடன்பட்டாவது வாங்கவா?
ஒரு தாய், முல்லைத்தீவு மாவட்டம்

ஆசிரிய ஆலோசகர் (ஆரம்பக் கணிதம்) பதில்

அன்பான சகோதரிக்கு,

இரண்டாவது ரியூசன் வேண்டாம். முதலாவதில் அடி நிற்கவில்லை என்றால் அதையும் நிறுத்திவிடுங்கள். கல்வி அமைச்சு 2005 ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை விட்டுப் பாடசாலைகளில் உடல் தண்டனையைத் தடுத்துவிட்டது. பாடசாலையில் கூடாதது கொட்டிலில் நடக்கும் ரியூசனில் மட்டும் எப்படிச் சரியாகும்? நேரில் போய், "அடிக்காமல் சொல்லிக்கொடுங்கோ, இல்லாட்டி நிப்பாட்டிறன்" என்று மரியாதையாகவே சொல்லலாம். வயிற்று நோவை ஒருதரம் வைத்தியரிடம் காட்டுங்கள். உடம்பில் ஒன்றும் இல்லை என்றால் அதைப் பொய் என்று நினைத்துவிடவும் வேண்டாம். பயம் சின்னப் பிள்ளைக்கு வயிற்றில்தான் தெரியும்.

உங்கள் மகனுக்கு இருக்கிற பயம் கணக்கைப் பற்றியது என்று நான் நினைக்கவில்லை. பிழை விடுவதைப் பற்றியது. கொப்பியில் ஒரு விடை எழுதினால் அது சரி அல்லது பிழை, பிழையானால் சிவப்புக் கோடு, அதன் பிறகு அடி. இப்படிப் பழகிய பிள்ளை விடை தெரியாத இடத்தில் வாயைத் திறக்க மாட்டான். விஞ்ஞானமோ முழுக்க முழுக்க விடை தெரியாத இடத்தில்தான் நடக்கிறது. ஏன், எப்படி என்று கேட்டுத் திரிந்த பிள்ளை இப்போது கேட்பதில்லை என்பதும் இதே காரணத்தால்தான் இருக்கும்.

ஆகவே வீட்டில் நீங்கள் செய்யவேண்டியது பாடம் படிப்பிப்பது அல்ல. பிழைவிட்டாலும் ஒன்றும் நடக்காத ஓர் இடத்தை அவனுக்கு உண்டாக்கிக் கொடுங்கள். அதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி ஒன்று: எதையும் எண்ணுவதற்கோ அளப்பதற்கோ முதல், "எவ்வளவு வரும், சொல்லு பாப்பம்" என்று கேளுங்கள். நீங்களும் ஒரு தொகை சொல்லுங்கள், தங்கச்சியும் சொல்லட்டும். மூன்றையும் எழுதிவைத்த பிறகு அளந்து பாருங்கள். சொன்னது தப்பினால் யாருக்கும் வெட்கமில்லை, ஏனென்றால் மூன்று பேரும்தான் தப்பியிருப்பீர்கள். எவ்வளவு தப்பியது, ஏன் தப்பியது என்ற பேச்சு தானாக வரும். அந்தப் பேச்சுத்தான் எனக்கு வேண்டியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கோபிக்க வேண்டாம். "எனக்குக் கணக்கு ஓடாது" என்பதைப் பிள்ளைகள் கேட்கச் சொல்லாதீர்கள். 2015 இல் அமெரிக்காவில் முதலாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளையும் பெற்றோரையும் வைத்துச் செய்த ஓர் ஆய்வு வெளியானது. கணக்கென்றால் பதற்றப்படும் பெற்றோர் வீட்டுவேலைக்கு அடிக்கடி உதவிய வீடுகளில், பிள்ளைகள் அந்த ஆண்டில் குறைவாகவே கற்றிருந்தார்கள், ஆண்டு முடிவில் அவர்களுக்கும் கணக்குப் பயம் கூடியிருந்தது. வீட்டுவேலைக்குப் பெரிதாக உதவாத பெற்றோரின் பிள்ளைகளுக்கு அப்படி ஆகவில்லை. எனவே கொப்பியோடு பக்கத்தில் குந்தியிருந்து அவனைத் திருத்தவேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. அது ஆசிரியரின் வேலை. முற்றத்திலும் குசினியிலும் உள்ள கணக்கை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டுக் கட்டுகிறவருக்கு, ஆறு பேருக்கு எத்தனை சுண்டு அரிசி போடவேண்டும் என்று கண்ணாலேயே தெரிகிறவருக்கு அது முடியாமல் போகாது. 2018 மார்கழி வெள்ளத்தின்போது முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய நம் இரண்டு மாவட்டங்களிலும் குளம் எத்தனை அடியில் நிற்கிறது, இன்னும் எவ்வளவு ஏறும், எத்தனை வான்கதவு திறந்திருக்கிறது என்று விடியவிடியக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாருமே கணிதம் படித்தவர்களா?

இப்போது புரட்டாதி. காலபோக விதைப்புக்கு உங்கள் வீட்டுக்காரர் விதைநெல்லைப் பார்க்கத் தொடங்கியிருப்பார். அங்கிருந்தே தொடங்கலாம். ஒரு வாளி தண்ணீரில் புதுக் கோழிமுட்டை ஒன்றை மகனைக் கொண்டு மெதுவாக விடுவியுங்கள். முட்டை அடியில் போய்ப் படுக்கும். உப்பை ஒவ்வொரு பிடியாகப் போட்டுக் கலக்கட்டும். எத்தனை பிடியில் முட்டை எழும்பும் என்று முதலிலேயே எல்லாரும் சொல்லிவிட வேண்டும். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு முட்டையின் அகன்ற பக்கம் மட்டும் அடியை விட்டுத் தூக்கும், முட்டை நிமிர்ந்து நிற்கும். இன்னும் இரண்டொரு பிடி போட, அது மெல்லக் கழன்று மேலே வரும். தண்ணீருக்கு மேல் ஒரு சின்ன நாணயக் குற்றி அளவுக்கு ஓடு தெரியும். அந்த இடத்தில் உப்புப் போடுவதை நிறுத்திவிட்டு முட்டையை எடுத்துவிட்டு, எண்ணிய 100 நெல்லை அதற்குள் போடச் சொல்லுங்கள். முற்றிய நெல் தாழும், சப்பி மிதக்கும். மிதப்பது எத்தனை? 100 இல் எண்ணினால் அதுவே வீதம். அந்தச் சொல்லை அவன் பிறகு பாடசாலையில் சந்திக்கும்போது புதிதாக இருக்காது. நம் விவசாயிகள் விதைநெல் தெரிவுசெய்ய இதே முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒரே அளவு இடத்தில் உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீரை விடப் பாரம் கூடியது, அதனால்தான் நல்ல தண்ணீரில் தாழ்கிற முட்டையை அது தூக்குகிறது. இந்த விளக்கத்தைச் சொல்ல அவசரப்பட வேண்டாம். அவனாகக் கேட்கும்வரை பொறுங்கள், தகப்பன் சொல்லட்டும்.

நெல்லை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் அலசிவிட்டு, தாழ்ந்ததில் 20, மிதந்ததில் 20 எடுத்து இரண்டு ஈரச் சாக்குத் துண்டில் வேறுவேறாகச் சுற்றிவைத்தால், எதில் எத்தனை முளைக்கிறது என்றும் பார்க்கலாம். மிதந்ததிலும் சில முளைக்கக்கூடும். அப்படி முளைத்தால் நல்லது, மகன் தகப்பனோடு வாதாட ஏதாவது கிடைக்கும்.

ஐப்பசியில் மழை பிடிக்குமுன் இன்னொன்றைத் தயார் பண்ணுங்கள். ரின்மீன் வந்த பேணி ஒன்றைக் கழுவி, வாய் விளிம்பைக் கையை வெட்டாதபடி மடக்கி, மரமும் தாழ்வாரமும் இல்லாத வெளியில் நாலு கல்லுக்கு நடுவே நட்டுவிடுங்கள். பக்கம் நேராக உள்ள பேணியாக இருக்கவேண்டும், மேலே அகன்று கீழே ஒடுங்கியது சரிவராது. ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் போகுமுன் ஒரே நேரத்தில் தண்ணீரின் உயரத்தை மில்லிமீற்றரில் எடுக்கட்டும். அடிமட்டத்தை நேரே உள்ளே விட்டால் பிழைக்கும், ஏனென்றால் பல அடிமட்டங்களில் பூச்சியக் கோடு விளிம்பில் தொடங்குவதில்லை, கொஞ்சம் உள்ளேதான் இருக்கும். இதை நீங்கள் சொல்லிக்கொடுக்காதீர்கள். இரண்டு நாள் பிழையாக எடுத்துவிட்டு அவனே அதைக் கண்டுபிடிக்க இடம் விடுங்கள். கண்டுபிடித்த பிறகு ஓர் ஈர்க்கை விட்டு எடுத்து, நனைந்த பகுதியைப் பூச்சியக் கோட்டிலிருந்து அளக்கலாம். அளந்தவுடன் பேணியைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு மறுபடி வைக்க வேண்டும். தேங்கவிட்டால் நுளம்பு பெருகும்.

இதில் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. ஒரு சதுர மீற்றர் இடத்தில் 1 மி.மீ. மழை விழுந்தால் அது சரியாக 1 லீற்றர். 550 சதுர அடி வீட்டுத்திட்ட வீடு ஏறத்தாழ 50 சதுர மீற்றர் இடத்தை மூடுகிறது. ஒரு ராத்திரியில் 20 மி.மீ. மழை பெய்தால் 50 ஐ 20 ஆல் பெருக்க 1,000 லீற்றர். முற்றத்தில் நிற்கிற கறுப்புத் தாங்கி நிரம்ப ஒரு தாங்கித் தண்ணீர் உங்கள் கூரையிலிருந்து வழிந்து போயிருக்கிறது. ஒரு ஏக்கர் வயல் ஏறத்தாழ 4,000 சதுர மீற்றர், அதே மழை அங்கே 80,000 லீற்றர். தரம் 4 பிள்ளைக்கு இந்தப் பெருக்கல் கொஞ்சம் பெரிதுதான். ஆனாலும் "அப்பாவின்ரை வயலுக்கு எத்தனை தாங்கி?" என்று கேட்டால் விடமாட்டான். முத்தையன்கட்டுக் குளத்தின் நீர்மட்டம் அன்றைக்கு எத்தனை அடி என்று தகப்பனிடம் கேட்டு, கலண்டரில் மழைக்குப் பக்கத்தில் அதையும் எழுதிவரட்டும். மழை பெய்த அன்றே குளம் ஏறுகிறதா, ஒன்றிரண்டு நாள் பிந்தி ஏறுகிறதா என்று ஒரு மாதத்தில் அவன் உங்களுக்குச் சொல்லுவான்.

வருடம் முழுக்க ஓடக்கூடிய ஒன்றையும் சொல்கிறேன். முற்றத்தில் ஒரு மீற்றர் உயரத்துக்கு நேரான தடி ஒன்றை நட்டு, மாதத்தில் ஒரு விடுமுறை நாளில் நண்பகலை ஒட்டி, நிழல் மிகக் குறுகும் நேரத்தில் அதன் நுனிக்கு ஒரு கல் வையுங்கள். மார்கழி நடுவில் நிழல் வடக்குப் பக்கம் ஏறத்தாழ 64 சென்ரிமீற்றர் நீளும். ஆனியில் அதே தடியின் நிழல் தெற்குப் பக்கம் திரும்பி 25 சென்ரிமீற்றர் அளவில் விழும். இடையில் இரண்டு தடவை, சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலும் ஓகஸ்ட் கடைசியிலும், பகல் 12 மணி கழிந்து பத்து நிமிடத்துக்குள் தடிக்கு நிழலே இராது. சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும் நாட்கள் அவை. சித்திரையில் பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் பிள்ளைகள் இரண்டு பேரும் வீட்டில் இருப்பார்கள். நிழல் எந்தப் பக்கம் விழும் என்று முதலிலேயே பந்தயம் கட்டச் சொல்லுங்கள். நிழலை மட்டும் பார்க்கவேண்டும், சூரியனை நேரே பார்க்கக்கூடாது என்பதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

இந்த இடத்தில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. கல், விதை, பூச்சி சேர்க்கச் சொல்கிறோம் என்று பிள்ளைகளைத் தனியே பற்றைக்குள்ளும் காட்டோரத்துக்கும் விடாதீர்கள். கண்ணிவெடி அகற்றும் வேலை முற்றாக முடியாத இடங்கள் வன்னியில் இன்னும் உண்டு. துப்புரவாக்கிய காணியிலும் மழைக்கு மண் கழுவுப்பட்டு ஏதாவது வெளியே தெரியலாம். தெரியாத இரும்புத் துண்டைத் தொடக்கூடாது, எறியக்கூடாது, வந்து பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். ஆர்வமுள்ள பிள்ளைதான் முதலில் குனிந்து எடுப்பான் என்பதால் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். குளத்தடி, வாய்க்காலடிக்கும் பெரியவர் ஒருவர் கூடப் போக வேண்டும்.

வாய்ப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. என்றாலும் அடி விழுவது பெரும்பாலும் அதற்காகத்தான் இருக்கும் என்பதால் சொல்கிறேன். வாய்ப்பாடு பாடமாக வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 100 பெருக்கலைத் தலையில் ஏற்றவேண்டும் என்று நினைத்தால் பெரியவருக்கே களைத்துவிடும். புளியங்கொட்டைகளை வரிசைக்கு 7 ஆக 6 வரிசை அடுக்கச் சொல்லுங்கள். இப்போது அவன் எழும்பிப் பக்கவாட்டில் வந்து இருந்து பார்க்கட்டும். அதே கொட்டைகள், வரிசைக்கு 6 ஆக 7 வரிசை. இப்படிப் பார்த்தால் 100 இல் வேறுபட்டவை 55 தான். அதில் ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து வாய்ப்பாடுகள் அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். அவற்றையும் கழித்தால் மிஞ்சுவது 21. இருபத்தொன்றையும் சின்னச் சின்ன மட்டையில் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டுங்கள், நன்றாகத் தெரிந்ததைக் கழற்றிக்கொண்டே போகட்டும். கிழமைக்கு இரண்டு கழன்றால் தைப்பொங்கலுக்குள் சுவர் வெறுமையாகிவிடும்.

மகளுக்கு இப்போது விளையாட்டே போதும். பாம்பும் ஏணியும் விளையாடும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். 37 ஆம் கட்டத்தில் நின்று மூன்று விழுந்தால், "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று எண்ணாமல், "38, 39, 40" என்று கட்டத்தின் இலக்கத்தைச் சொல்லிச் சொல்லி நகர்த்தப் பழக்குங்கள். சின்ன மாற்றம்தான், ஆனால் பலன் பெரியது. ரொபேர்ட் சீக்லர், கீதா ரமணி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2008 இல் வெளியிட்ட ஆய்வில், வசதி குறைந்த வீடுகளின் பாலர் வயதுப் பிள்ளைகள் 1 முதல் 10 வரை இலக்கமிட்ட நேர்வரிசைப் பலகையில் இப்படி விளையாடினார்கள். இரண்டு கிழமைக்குள் கால் மணி நேரமாக நாலு தடவைதான். எண்களை ஒப்பிடுவதிலும் இலக்கத்தைக் கண்டு சொல்வதிலும் எண்ணுவதிலும் அவர்கள் தெளிவாக முன்னேறினார்கள், ஒன்பது கிழமை கழிந்து பார்த்தபோதும் அந்த முன்னேற்றம் இருந்தது. இலக்கத்துக்குப் பதிலாக நிறம் தீட்டிய பலகையில் விளையாடிய பிள்ளைகளுக்கு அப்படி வரவில்லை. அண்ணனையே தங்கச்சிக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுக்க விடுங்கள். தன்னால் ஒருவருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க முடிகிறது என்று அவனுக்கும் தெரியவரட்டும்.

விஞ்ஞானம் தனிப் பாடமாக ஆறாம் தரத்தில் வருவது உண்மை. அதற்கு முதல் ஒன்றுமில்லை என்று ஆகாது. தரம் 1 இலிருந்து சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்று ஒரு பாடம் இருக்கிறதே, விஞ்ஞானத்தின் அத்திவாரம் அதுதான். புலமைப்பரிசில் அவசரத்தில் பல வீடுகளில் அந்தப் புத்தகத்தைக் கேள்வி-விடைத் தாளாகவே பார்க்கிறார்கள். அதில் செய்து பார்க்கச் சொன்னவற்றைச் செய்து பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

பெட்டி வாங்கக் கடன்பட வேண்டாம். அதில் வருகிற தூளையும் குழாயையும் இரண்டு நாள் கலக்கி முடித்தால் பிறகு பெட்டி மூலையில் கிடக்கும். தையற்காரர் பாவிக்கும் அளவு நாடா ஒன்றும், ஒரு கைவில்லையும், உடைந்த வானொலியின் ஒலிபெருக்கியில் கழற்றிய காந்தம் ஒன்றும் போதும். உங்கள் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படை பிடித்திருக்குமே, அதைக் கொஞ்சம் சுரண்டி ஒரு தட்டில் போட்டுத் தேசிக்காய்ப் புளியைச் சொட்டச் சொல்லுங்கள். நுரைத்துப் பொங்கும். கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு கொதிக்கும்போது படிந்து, இப்போது புளியோடு சேர்ந்து காபனீரொட்சைட்டு வாயுவை விடுகிறது. பிறகு இரண்டு போத்தல் எடுத்து, ஒன்றில் பிடித்துவைத்த மழைத் தண்ணீரும் மற்றதில் அதே அளவு கிணற்றுத் தண்ணீரும் விட்டு, ஒரே அளவு சவர்க்காரச் சீவலைப் போட்டு ஒரே தரம் குலுக்கட்டும். எதில் நுரை கூட வரும் என்று முதலில் சொல்லவேண்டும். "ஒரே அளவு" என்பதில் நீங்கள் விட்டுக்கொடுக்காமல் நில்லுங்கள். இரண்டையும் ஒரேமாதிரி வைத்தால்தான் வித்தியாசம் தண்ணீரால் வந்தது என்று சொல்லலாம் என்பதை ஒன்பது வயதில் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு, பெரிய வகுப்பின் ஆய்வுகூடம் அந்நியமாக இராது. நம் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் விஞ்ஞான, கணித ஆசிரியர்கள் போதாமல் இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் குறையை ஒரு தாய் தனியே நிரப்ப முடியாது, அது அதிகாரிகள் தீர்க்கவேண்டியது, அதைக் கேட்டுக்கொண்டே இருக்கவும் வேண்டும். ஆனால் அதுவரை பிள்ளையின் ஆர்வம் காத்திருக்காது.

பிள்ளை ஏதாவது கேட்டு உங்களுக்கு விடை தெரியாவிட்டால் "தெரியேல்லை, நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேளுங்கள். வேலைக்கு நடுவில் முடியாவிட்டால், ஒரு பழைய கொப்பியில் அந்தக் கேள்வியை எழுதிவைக்கச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பாருங்கள். கைத்தொலைபேசியில் உடனே தேடிக் காட்டுவதைக் கொஞ்சம் பிற்போடலாம். அவன் ஒரு விடையை ஊகித்துச் சொன்ன பிறகு தேடினால் அந்தத் தேடலில் அவனுக்கும் ஒரு பங்கு இருக்கும்.

மழைக் கணக்கு ஒரு மாதம் சேர்ந்ததும் மகனின் வகுப்பு ரீச்சரைப் போய்ச் சந்தியுங்கள். முறைப்பாடு சொல்லப் போகாமல், அந்தக் கலண்டரைக் காட்டி, "வகுப்பிலையும் ஒரு பேணி வைச்சுப் பிள்ளையள் எழுதலாமோ ரீச்சர்?" என்று கேளுங்கள். பள்ளிக்கூடத்து மழையும் உங்கள் வீட்டு மழையும் ஒன்றாக இருக்காது, அதை ஒப்பிடுவதே வகுப்புக்கு நல்ல பாடம். வீட்டில் பேணி வைத்திருக்கிற ஒரே பிள்ளை அவன் என்பதால் எப்படி அளப்பது என்று அவனையே மற்றவர்களுக்குக் காட்டச் சொல்லும்படியும் கேட்டுப் பாருங்கள். ரீச்சருக்கு இதில் உதவி தேவைப்பட்டால் உங்கள் வலயக் கல்வி அலுவலகத்தில் ஆரம்பக் கல்விக்குப் பொறுப்பாக இருப்பவர்களை நாடலாம். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதக் கணக்கையும் அவன் கையால் எழுதியபடியே எனக்கு அனுப்பிவையுங்கள்.